சிக்கலான முதலீடுகள்: சாதாரண ஆளை செபி தடுக்கலாமா?

"என் பணம், என் இஷ்டம். அதை எதில் போடலாம், எதில் போடக் கூடாது என்று சொல்ல செபி யார்?" நாகர்கோவிலில் கல்லூரி முடித்த பையனும் இதைக் கேட்கிறான், ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியரும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, சில முதலீடுகளைச் சாதாரண ஆட்கள் கிட்டேயே நெருங்க முடியாதபடி வைத்திருக்கிறது. வேறு சிலவற்றை, போன் இருந்தால் போதும், வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. எதை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள், அந்தப் பிரிவு சரிதானா என்பதை முதலீட்டில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டுப்பாடு வேண்டும். ஆனால் இப்போது பல இடங்களில் அது வாங்குபவரின் பணப்பையை அளக்கிறது. விற்பவரின் வாயையும் வாங்குபவரின் புரிதலையும் அளப்பது குறைவு.

எது சிக்கல்?

எளிய முதலீடு என்றால் நமக்கு முதலில் தோன்றுவது பேங்க் எஃப்டி. போட்டது இவ்வளவு, வட்டி இவ்வளவு, முடியும் தேதி இது. பேங்கே மூழ்கினாலும் ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாகத்தான் இருந்தது. கம்பெனி பங்கையும் ஒரு வகையில் எளியது என்றே சொல்வேன். நஷ்டம் வரலாம், நிறையவே வரலாம். ஆனால் விலை இறங்கினால் நஷ்டம், ஏறினால் லாபம் என்பது வாங்கும்போதே தெரியும்.

சிக்கலான முதலீட்டில், பணம் எந்த வழியாகப் போகும் என்பது வாங்கும்போது கண்ணில் படாது. ஆப்ஷன் வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் விலையைக் காட்டும் குறியீடான நிஃப்டி இன்றைக்கு 25,000 புள்ளியில் நிற்கிறது என்று வைப்போம். இந்த வாரம் சந்தை ஏறும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. 25,200-க்கான 'கால் ஆப்ஷன்' ஒன்றை, அதாவது நிஃப்டி 25,200-ஐத் தாண்டினால் தாண்டிய அளவுக்குப் பணம் தரும் ஒப்பந்தத்தை, நான்கு நாளில் முடிவது, 80 ரூபாய் பிரீமியத்தில் (அதன் விலை) வாங்குகிறீர்கள். ஒரு லாட்டுக்கு, அதாவது சேர்த்து வாங்க வேண்டிய குறைந்தபட்சக் கட்டுக்கு, 75 என்றால் 6,000 ரூபாய் ஆகிறது. நான்கு நாள் கழித்து நிஃப்டி 25,100-ல் முடிகிறது. நீங்கள் சொன்னது போலவே சந்தை 100 புள்ளி ஏறிவிட்டது. உங்கள் கையில் எவ்வளவு? ஒன்றுமில்லை. 6,000-ம் போய்விட்டது. 25,200-ஐத் தாண்டினால்தான் அந்த ஆப்ஷனுக்கு மதிப்பு. 25,280-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு லாபம். அதுவும் நான்கு நாளுக்குள். நாள் கழியக் கழிய அந்த 80 ரூபாய் தானாகவே தேய்ந்துகொண்டிருக்கும்.

திசையைச் சரியாகச் சொன்னவனுக்கும் முழுப் பணமும் போகிறது. புரோக்கர் தரகு, வரி எல்லாம் இதற்கு மேல். முதல் தடவை இது நடக்கும்போது பலரும் "ஆப்பில் ஏதோ கோளாறு" என்றுதான் நினைக்கிறார்கள். கோளாறு எதுவும் இல்லை, அந்தச் சரக்கே அப்படித்தான் வேலை செய்கிறது. வாங்கும்போது இதை விளக்கிச் சொல்ல எதிரில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

செபி கணக்கெடுத்துப் பார்த்தபோது வந்த எண்கள் பயங்கரமானவை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) எனப்படும் இந்த வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். அதே அறிக்கையில் எனக்குப் பெரிதாகப் பட்டவை வேறு இரண்டு எண்கள். வியாபாரம் செய்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். 72 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் முதல் முப்பது பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது மும்பைக்காரர்களின் கதை இல்லை இது. மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் மாதிரி ஊர்களின் கதை. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கம் யார்? 2023-24-ல் புரோக்கர்களின் சொந்தக் கணக்கு வியாபாரிகளுக்குச் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குச் சுமார் 28,000 கோடியும் மொத்த லாபம். அந்த லாபத்தில் கிட்டத்தட்ட எல்லாமே கம்ப்யூட்டர் அல்காரிதம் மூலம் வந்தது. போனில் ஒரு விரலால் தட்டுகிறவருக்கும் இவர்களுக்கும் இது போட்டியே இல்லை.

தடுக்கும் வழிகள்

ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு சாதாரண முதலீட்டாளரைப் பல விதமாகத் தடுக்கலாம். மிக மென்மையான வழி, எச்சரிக்கை. 2023 ஜூலை முதல் எஃப் அண்ட் ஓ கணக்கில் நுழையும்போதெல்லாம் "பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள்" என்று ஒரு பெட்டி வர வேண்டும் என்பது விதி. வருகிறது. கீழே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் பெட்டி போய்விடும். எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு போனை மூடி வைத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மீதிப் பேர் எல்லாம் தன்னைப் பத்தாவது ஆள் என்று நினைக்கிறவர்கள்.

அடுத்த வழி, பணத்தால் ஒரு சுவர் எழுப்புவது. ஏஐஎஃப் எனப்படும் மாற்று முதலீட்டு நிதிகளில் சேரக் குறைந்தது 1 கோடி வேண்டும். ஒருவரின் முதலீட்டை அவருக்கென்று தனியாக நிர்வகித்துத் தரும் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மெண்ட் சேவைக்கு 50 லட்சம். 2020-க்கு முன் 25 லட்சமாக இருந்தது. 2024 அக்டோபரில் செபி ஆப்ஷன் வியாபாரத்துக்கும் இதே வைத்தியம் பார்த்தது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 5 முதல் 10 லட்சம் என்ற அளவிலிருந்து 15 லட்சமாக உயர்த்தியது. நிஃப்டி லாட் 25-லிருந்து 75 ஆனது. மேலே சொன்ன உதாரணத்தில் 2,000 ரூபாய்க்குக் கிடைத்த சீட்டு 6,000 ஆகிவிட்டது. கூடவே, ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு குறியீட்டில்தான் வாராந்திர எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) என்றும் சொல்லிவிட்டது. இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. தினம் ஒரு எக்ஸ்பைரி என்று ஐந்து நாளும் சூதாட்டம் மாதிரி ஓடிக்கொண்டிருந்ததை அது குறைத்தது.

பலன்? 2024 டிசம்பர் முதல் 2025 மே வரை வியாபாரம் செய்த தனிநபர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் குறைந்தது. நல்லதுதான். ஆனால் 2024-25 முழு ஆண்டையும் எடுத்தால் தனிநபர்களின் நிகர நஷ்டம் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடியாக ஏறிவிட்டது. விதிகள் ஆண்டின் பாதிக்கு மேல்தான் நடைமுறைக்கு வந்தன, அதனால் முழுப் பழியையும் அவற்றின் மேல் போட முடியாது. என்றாலும் ஒன்று நிச்சயம். டிக்கெட் விலையை ஏற்றினால் சிலர் வெளியே போவார்கள். போகாமல் இருப்பவர் இன்னும் பெரிய தொகையைக் கட்டுவார். கடன் வாங்கியாவது கட்டுவார்.

பணச் சுவர் யாரைத் தடுக்காது?

இதைப் புரிந்துகொள்ள யெஸ் பேங்கின் ஏடி1 பாண்டு விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஏடி1 என்பது பேங்க் தன் மூலதனத்துக்காக வெளியிடும் கடன் பத்திரம். வட்டி எஃப்டியை விடக் கூடுதல்; யெஸ் பேங்க் 2016-ல் 9.5 சதவீதத்துக்கும் 2017-ல் 9 சதவீதத்துக்கும் வெளியிட்டது. ஆனால் இதற்கு முடியும் தேதி கிடையாது. பேங்க் நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலைமை மோசமானால் வட்டியை நிறுத்தலாம். மிக மோசமானால் அசலையே பூஜ்யமாக்கி எழுதிவிடலாம். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் மீட்கப்பட்டபோது அதுதான் நடந்தது. 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள பாண்டுகள் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போயின. பேங்கில் டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பாண்டு வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் போச்சு.

ஒரு பாண்டின் முகமதிப்பு 10 லட்சம் ரூபாய். சிறு முதலீட்டாளர் வாங்கக் கூடாது என்ற எண்ணத்தோடு வைத்த அளவு என்றே நினைக்கத் தோன்றும். செபியின் உத்தரவைப் படித்தால் தெரியும்: இதில் 1,346 தனிநபர்கள் சுமார் 679 கோடி போட்டிருந்தார்கள். அவர்களில் 1,311 பேர் ஏற்கெனவே அந்த பேங்கின் வாடிக்கையாளர்கள். 277 பேர் தங்கள் எஃப்டியை முன்கூட்டியே முறித்து அந்தப் பணத்தை இதில் போட்டவர்கள். பேங்க் தன் வாடிக்கையாளர்களிடம் ஆபத்தைச் சரியாகச் சொல்லாமல் விற்றது என்று செபி 2021-ல் 25 கோடி அபராதம் விதித்தது. பேங்க் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. பாண்டுகளை ரத்து செய்தது செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது, அந்த வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம். வீட்டுக்கு ஒரு ஆசிரியரோ, நர்ஸோ, அரசு ஊழியரோ, வளைகுடாவில் இருந்து திரும்பியவரோ இருப்பார்கள். முப்பது வருடம் வேலை பார்த்த டீச்சர் ரிட்டயர் ஆகும்போது பணிக்கொடை, பிஎஃப், கமுட்டேஷன் எல்லாம் சேர்ந்து ஒரே மாதத்தில் கணக்கில் விழும். பேங்க் கம்ப்யூட்டரில் அது உடனே தெரியும். அடுத்த வாரம் போன் வரும். டீச்சர் கேட்பார்: "மக்களே, இதும் எஃப்டி மாதிரிதானே?" "ஆமா டீச்சர், வட்டி மட்டும் கூட. ஒரு ஃபாரம்தான், நானே எழுதித் தாறேன்." அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னச் சின்ன பெருக்கல் குறி போட்டிருக்கும். நாற்பது பக்கத்தில் ஆபத்தைப் பற்றிய பத்தி எங்கே இருக்கிறது என்று மட்டும் குறி இருக்காது.

இந்த டீச்சரை 10 லட்சம் என்ற சுவர் தடுக்காது. அவரிடம் பணம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, திரும்பச் சம்பாதிக்க வழி இல்லாத வயதில், அவர் பணக்காரர். ஆனால் அதே மாவட்டத்தில் முப்பதாயிரம் சம்பளத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஒரு பெண், பாண்டு விதிகளை வரிக்கு வரி படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர், வெளியே நிற்கிறார். யெஸ் பேங்க் விவகாரத்துக்குப் பிறகு செபி 2020 அக்டோபரில் ஏடி1 பாண்டுக்கான குறைந்தபட்ச அளவை 1 கோடி ஆக்கியது. இந்த ஒரு சரக்குக்கு அது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அது பேங்குகளும் ஃபண்டுகளும் வாங்க வேண்டிய சரக்கு. ஆனால் நிலம் விற்றவரும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்தவரும் 1 கோடியையும் எட்டக்கூடிய காலம் இது.

2021-ல் செபி கொண்டுவந்த 'அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளர்' முறையும் வருமானத்தையும் சொத்தையும்தான் பார்க்கிறது: உதாரணமாக, ஆண்டு வருமானம் 2 கோடி, அல்லது நிகரச் சொத்து 7.5 கோடி, அதில் பாதி நிதிச் சொத்தாக. தேர்வு எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் 1982 முதல் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வருமானம் அல்லது 10 லட்சம் டாலர் சொத்து என்பதே அளவுகோல். ஆனால் 2020-ல் அவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். குறிப்பிட்ட நிதித் தொழில் தேர்வுகளில் தேறி உரிமம் வைத்திருப்பவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உள்ளே வரலாம். சிங்கப்பூர் 2012 முதல் இன்னொரு வழியில் போகிறது: சிக்கலான முதலீட்டை விற்கும் முன் வாங்குபவருக்கு அது பற்றிய அறிவோ அனுபவமோ இருக்கிறதா என்று விற்பவர் மதிப்பிட வேண்டும். 2008-ல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு பேங்க் விழுந்தபோது அங்கும் ஹாங்காங்கிலும் பேங்க் கவுண்டரில் வாங்கிய பத்திரங்களால் பல்லாயிரம் பேர் சேமிப்பை இழந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு வந்த விதி அது. சில சரக்குகளுக்கு முழுத் தடையும் உண்டு. பிரிட்டன் 2019-ல் பைனரி ஆப்ஷனை (சொன்னது நடந்தால் ஒரு நிர்ணயித்த தொகை, நடக்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற பந்தயம்) சாதாரண முதலீட்டாளருக்கு விற்பதையே நிரந்தரமாக நிறுத்திவிட்டது. அதற்கு நான் முழு ஆதரவு.

சிட்டியும் ரப்பரும்

படிப்பறிவுக்கும் இந்தப் புரிதலுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதற்கு நம் ஊர்ச் சிட்டியே சாட்சி. சீட்டு என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். ஏலத் தள்ளுபடி, முன்னால் எடுத்தால் எவ்வளவு வட்டி ஆகிறது, கடைசிவரை நின்றால் எவ்வளவு மிஞ்சும் என்று வடசேரி சந்தையில் கீரை விற்கும் அக்கா மனக்கணக்கில் சொல்வார். எழுதிப் பார்த்தால் அது ஒன்றும் எளிய கணக்கு இல்லை. மாதா மாதம் ஏலத்தில் உட்கார்ந்து பழகிய அறிவு அது.

1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டம், சேருகிறவரின் ஆண்டு வருமானத்தைக் கேட்கவில்லை. நடத்துகிறவரைக் கட்டிப்போட்டது. சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் பிணை வைக்க வேண்டும், தள்ளுபடி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 2019 திருத்தத்தில் அந்த வரம்பு 5-லிருந்து 7 சதவீதமாயிற்று. சட்டத்துக்கு வெளியே சீட்டு நடத்தி ஏமாற்றுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அது வேறு. ஆனால் யாருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்பதில் அந்தச் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை.

மொத்தமாகத் தடை செய்துவிட்டால் தீர்ந்ததே என்று சொல்பவர்களுக்கு ரப்பரை நினைவுபடுத்துவேன். குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் கோட்டயம் விலையைப் பார்த்துத்தான் ஷீட்டை விற்பதா, அடுக்கி வைப்பதா என்று முடிவு செய்கிறார்கள். மழையில் பால் வெட்டு நின்றால் ஒரு விலை, இறக்குமதி வந்தால் ஒரு விலை. மூன்று மாதம் கழித்து விற்கப்போகும் சரக்குக்கு இன்றே விலையைப் பூட்டி வைக்க உதவுவதுதான் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம். டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையைச் சார்ந்து நிற்கும் ஒப்பந்தம்; ஆப்ஷனும் இதில் ஒன்று) என்று நாம் பயப்படும் அதே சரக்கின் நல்ல முகம் இது. 2008 மே மாதம், விலைவாசி ஏறியதென்று மத்திய அரசு ரப்பர், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, சோயா எண்ணெய் ஆகிய நான்கின் ஃபியூச்சர்ஸையும் நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பர் முடியும்வரை பூட்டுதான். ஃபியூச்சர்ஸ்தான் விலையை ஏற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அரசே அமைத்த அபிஜித் சென் குழு அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருந்தது. சூதாடியோடு சேர்த்து வியாபாரியும் வெளியே தள்ளப்பட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சட்டப்படியான வாசலை அடைத்தால் ஆசை அடங்கிவிடாது, பக்கத்துச் சந்துக்குப் போகும். டெலிகிராமில் டிப்ஸ் கொடுப்பவர்கள், எக்ஸ்சேஞ்சுக்கே போகாமல் நோட்டில் எழுதி நடக்கும் டப்பா வியாபாரம், எந்தப் பதிவும் இல்லாமல் பெரிய வட்டி தருவதாகச் சொல்லும் கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் காத்திருக்கின்றன. 2017-ல் கேரள எல்லையை ஒட்டி ஒரு நிதி நிறுவனம் கதவை மூடியபோது நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக் குடும்பங்கள் எத்தனை அழுதன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை நான் சிக்கலான முதலீட்டோடு சேர்க்க மாட்டேன். அதற்குத் தமிழ்நாட்டின் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், பதிவு செய்யாத டெபாசிட்டுகளைத் தடுக்கும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் தடை போடுகிறவர்கள் அந்தப் பக்கத்துச் சந்துகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் நான் கேட்பது என்ன? எஃப்டியை முறித்து வேறொன்றில் போடச் சொல்லும் விற்பனையாக இருந்தால், அறுபது வயதைத் தாண்டியவருக்கு ஒரு வாரம் அவகாசம் கட்டாயமாக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளிடம் காட்டட்டும், தெரிந்த ஆடிட்டரிடம் கேட்கட்டும். விற்பவருக்கு அதில் எவ்வளவு கமிஷன் என்பது முதல் பக்கத்தில், ரூபாயில், தமிழில் இருக்க வேண்டும். ஆப்ஷனுக்கு வருமானச் சான்று கேட்பதை விட, மேலே சொன்ன 25,200 கணக்கு மாதிரி பத்துக் கேள்விகள் கேட்டு, தேறினால் மட்டும் கணக்கைத் திறக்கலாம். தேறாதவர் படித்துவிட்டு மறுபடி வரட்டும், வாசல் அடைபடவில்லை.

இப்போது இதைச் சொல்லக் காரணம், 2025 ஏப்ரல் முதல் எஸ்ஐஎஃப் என்ற புது வகை ஃபண்டுகளுக்கு வழி திறந்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுக்கும் போர்ட்ஃபோலியோ சேவைக்கும் நடுவில் நிற்பது. சாதாரண ஃபண்டு செய்ய முடியாததை இது செய்யலாம்: விலை இறங்கும் என்று பந்தயம் கட்டும் டெரிவேட்டிவ் நிலைகளை, வேறு பாதுகாப்பு இல்லாமலே, நிதியின் 25 சதவீதம் வரை எடுக்கலாம். சேரக் குறைந்தது 10 லட்சம் ரூபாய். விற்கிறவர் டெரிவேட்டிவ் தேர்வு தேறியிருக்க வேண்டும் என்று விதி வைத்தது நல்ல தொடக்கம். வாங்குகிறவருக்கு அந்த 10 லட்சத்தைத் தவிர வேறு கேள்வி இல்லை. அடுத்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் நம் பள்ளிகளில் ரிட்டயர் ஆகப்போகும் டீச்சர்களின் கணக்கில் அந்தத் தொகை தாராளமாக இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், போன் வருவதற்கு முன்பே இதை அவரிடம் பேசிவிடுங்கள்.